தீம் பார்க் பயணம்: எந்தக் கையேடு, எந்த ஆப், எதை எதற்கு நம்புவது?

பெரிய தீம் பார்க் ஒன்றுக்குப் போவது என்று முடிவானதும், தேடலில் முதலில் வரும் கையேட்டை வாங்கி, நான்கைந்து ஆப்களையும் இறக்கிவிடுவதுதான் வழக்கம். இரண்டே வாரத்தில் தலை சுற்ற ஆரம்பிக்கும். புத்தகம் ஒன்று சொல்லும், ஆப் வேறொன்று சொல்லும், யாரோ போட்ட வீடியோ இரண்டையும் மறுக்கும். இவற்றில் எதுவும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில் எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்க்கின் அமைப்பு, நடக்க வேண்டிய தூரம், ஒரு ரைடு எவ்வளவு இருட்டு, எந்த வயதுக்காரர் ரசிப்பார், எந்த வரிசை மெதுவாக நகரும் என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. இவற்றுக்குப் புத்தகம். திறக்கும் நேரம், பராமரிப்புக்காக மூடிய ரைடுகள், விரைவு வரிசை (குறைவாகக் காத்திருந்து ஏறும் தனி வரிசை) விதிகள், விலை ஆகியவை எந்த வாரமும் மாறலாம். இவற்றுக்கு அந்தப் பார்க்கின் சொந்த ஆப்பும் தளமும். திட்டங்கள் சொதப்புவது பெரும்பாலும் இந்த இரண்டையும் மாற்றிப் பிடிப்பதால்தான்.

வாங்கும் முன் ஒரு தாள்

யார் யார் வருகிறார்கள், அவரவர் வயது, எத்தனை நாள், பார்க்கின் சொந்த ஹோட்டலா வெளி ஹோட்டலா, காரா பேருந்தா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் உயரத்தைச் சுவரில் நிறுத்தி அளந்து, சென்டிமீட்டரில் குறியுங்கள். "கிட்டத்தட்ட ஒரு மீட்டர்" என்ற கணக்கு இங்கே உதவாது. புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 செ.மீ. வேண்டும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, ட்ரான் ரோலர் கோஸ்டருக்கு 122. அருகிலுள்ள, டிஸ்னிக்குப் போட்டியான யுனிவர்சல் பார்க்கின் வெலோசிகோஸ்டருக்கு 130. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் வாசலில் அளந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் கிடையாது.

உயரம் குறையும் குழந்தை உடன் இருந்தால், பெற்றோர் மாறி மாறி ஏறும் வசதி அந்தப் பார்க்கில் உண்டா என்பதையும் தாளில் கேள்வியாகக் குறியுங்கள். ஒருவர் வரிசையில் நின்று ஏறுவார், மற்றவர் குழந்தையோடு வெளியே இருப்பார், பிறகு அவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். டிஸ்னி, யுனிவர்சல் இரண்டிலும் இது உண்டு. சக்கர நாற்காலி, மூட்டு வலி, தலைச்சுற்றல், பலத்த சத்தத்துக்குப் பயம் என எதுவானாலும் இதே தாளில் வரட்டும். எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் இந்தத் தாளில் உள்ளவர்களுக்கு அதில் பதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எல்லாப் பயணத்துக்கும் தடிமனான புத்தகம் தேவையில்லை. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் இருப்பது ஒரே பார்க், அதிகாரபூர்வ ஆப்பும் ஒரு மாலை வாசிப்பும் போதும். கலிபோர்னியாவில் இரண்டு டிஸ்னி பார்க்குகளின் வாசல்களும் எதிரெதிரே இருக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிட நடைதான். புளோரிடா வேறு உலகம். 1971-இல் திறந்த மேஜிக் கிங்டமில் தொடங்கி எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என்று நான்கு பார்க்குகள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், ஏராளமான ஹோட்டல்கள், எல்லாம் கிட்டத்தட்ட 100 சதுர கி.மீ. பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. அதே ஊரில் யுனிவர்சலுக்கும் தனியாகப் பார்க்குகள் உண்டு. எபிக் யுனிவர்ஸ் 2025 மே மாதம் திறந்தது. இங்கே போகிறவருக்கு ஒரு நல்ல புத்தகம் காசுக்குத் தகுந்த பொருள்.

கையேட்டைப் பத்து நிமிடத்தில் சோதிப்பது

அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆண்டைத் தாங்கி வரும் கையேடுகள் பொதுவாக அதற்கு முந்தைய ஆண்டிலேயே கடைக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் எழுத்து அதற்கும் சில மாதம் முன்பே முடிந்திருக்கும். பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள தேதிதான் உண்மையான வயது. அந்தப் பக்கமே இல்லாத மின்னூலை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து, மாதிரிப் பக்கங்களில் விரைவு வரிசைக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று தேடுங்கள். புளோரிடா டிஸ்னிக்கு இது ஏமாற்றாத சோதனை. "ஃபாஸ்ட் பாஸ் பிளஸ்" என்று நடப்பு விதி போல எழுதியிருந்தால் அந்தப் பக்கம் 2021-க்கு முந்தையது. "ஜீனி பிளஸ்" என்றிருந்தால் 2021 அக்டோபருக்கும் 2024 ஜூலைக்கும் இடைப்பட்டது. "லைட்னிங் லேன் மல்டி பாஸ்", "சிங்கிள் பாஸ்" என்ற பெயர்கள் 2024 ஜூலை 24 முதல்தான் வந்தன. ரைடுகளிலும் இப்படிப் பார்க்கலாம். ஸ்பிளாஷ் மவுண்டனைச் சிபாரிசு செய்யும் புத்தகம் பழையது; அது 2023 ஜனவரியில் மூடி, 2024 ஜூனில் டியானாஸ் பயூ அட்வென்ச்சராக மறுபடி திறந்தது. மேஜிக் கிங்டமின் டாம் சாயர் தீவும் அதைச் சுற்றிய ஆறும் 2025 ஜூலையில் மூடப்பட்டன. படகில் தீவுக்குப் போகச் சொன்னால் அந்தப் பக்கம் அதற்கு முன் எழுதியது. ஒரு புத்தகத்தில் ஒரு இடத்தில் புதுப் பெயரும் இன்னொரு இடத்தில் பழைய பெயரும் இருந்தால், பழைய பதிப்பின் மேல் அங்கங்கே ஒட்டுப்போட்டு விற்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்டதை விடப் பழையதாகவே இருக்கும் புத்தகம் மேல், ஏனென்றால் அதில் எது காலாவதியானது என்றாவது தெரியும்.

பிறகு ஏதாவது ஒரு ரைடின் பதிவை முழுதாகப் படியுங்கள். எத்தனை நிமிடம், எவ்வளவு உயரம் வேண்டும், இருட்டு, திடீர் விழுதல், சத்தம், குமட்டல் வருமா, எந்த நேரத்தில் போவது நல்லது, எந்த வயதுக்காரர் எவ்வளவு ரசித்தார் என்பவை இருக்க வேண்டும். வயதுவாரியாகத் தனித்தனி மதிப்பீடு கொடுக்கும் புத்தகம் தங்கம். ஐந்து வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் சேர்த்து ஒரே நட்சத்திரம் போடுகிறவர் யாருக்கும் உதவ மாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்றைத் தேடுங்கள்: வரிசை நகரும் வேகம். நமக்கு முன்னால் 100 பேர் நின்றால் எத்தனை நிமிடம் ஆகும் என்று சில கையேடுகள் ரைடுக்கு ரைடு சொல்கின்றன. கணக்கு எளிது. ஒரு ரைடு மணிக்கு 1,000 பேரை ஏற்றினால், முன்னால் நிற்கும் 100 பேருக்கு 6 நிமிடம். ஆனால் அதே ரைடு தன் இருக்கைகளில் 70 சதவீதத்தை விரைவு வரிசைக்குக் கொடுத்தால், சாதாரண வரிசைக்கு மணிக்கு 300 பேர்தான் மிச்சம். அதே 100 பேருக்கு 20 நிமிடம் ஆகிவிடும். வரிசை குட்டையாகத் தெரிந்தும் நகராமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். பீட்டர் பான்ஸ் ஃப்ளைட் உயரக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத, மூன்று நிமிடக் குழந்தைகள் ரைடு. சிறிய படகுகள், குறைந்த ஆட்கள், எல்லா வயதும் ஏறலாம் என்பதால் அதன் வரிசை பெரிய ரோலர் கோஸ்டர்களோடு போட்டி போடும். பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியனில் பெரிய படகுகள் வரிசையாக வந்துகொண்டே இருப்பதால், கூட்டம் அதிகம் போலத் தெரிந்தாலும் வேகமாக உள்ளே போய்விடலாம். "பிரபலமான ரைடுக்கு முதலில் போங்கள்" என்று மட்டும் சொல்லும் புத்தகம் இந்த வேறுபாட்டைக் கவனிக்காத புத்தகம்.

நாள்திட்டங்கள் இருந்தால் யாருக்காக எழுதியவை என்று பாருங்கள். டிஸ்னி வேர்ல்டின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்கள் தினமும் அரை மணி நேரம் முன்பே உள்ளே போகலாம். மேஜிக் கிங்டமில் அந்த அரை மணியில் ஃபேண்டசிலேண்ட், டுமாரோலேண்ட் பகுதிகளில்தான் ரைடுகள் ஓடும். அட்வென்ச்சர்லேண்டில் இருக்கும் ஜங்கிள் குரூஸில் ஆரம்பிக்கச் சொல்லும் திட்டத்தைப் பின்பற்றினால், ஹோட்டலுக்குக் கொடுத்த பணத்தின் அரை மணி, இன்னும் திறக்காத பகுதியை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு முன்னால் நின்றே வீணாகும். வெளியில் தங்குபவர் ஹோட்டல் விருந்தினருக்கான திட்டத்தோடு போனாலோ, அவர் வரும்போதே அங்கே முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். இரு தரப்புக்கும் தனித்தனித் திட்டம் இருக்கிறதா என்பதே அந்த ஆசிரியருக்குப் பார்க் தெரியுமா என்பதற்குச் சாட்சி.

பார்க் நிறுவனமே அனுமதித்து வெளியிடும் புத்தகங்களில் படங்களும் விவரங்களும் நன்றாக இருக்கும், பிள்ளைகள் ஆசையாகப் புரட்டுவார்கள். ஆனால் "இதை விட்டுவிடுங்கள், நேரம் வீண்" என்ற வரி அவற்றில் வராது. திட்டம் போட அந்த வரிதான் வேண்டும். சுதந்திரமாக எழுதுகிறவரின் புத்தகம் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

ஒரே பெயரில் நாற்பது ஊர்களுக்குக் கையேடு எழுதியிருப்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். வரைபடம் கிடையாது, உயர அளவு கிடையாது, எந்தப் பார்க்குக்கும் பொருந்தும் "சீக்கிரம் கிளம்புங்கள், தண்ணீர் குடியுங்கள்" வகை அறிவுரை மட்டும் இருக்கும். மதிப்புரைகளைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டி, கடந்த ஆறு மாதத்தில் போய்வந்தவர் எழுதிய மூன்று நட்சத்திர மதிப்புரைகளைத் தேடுங்கள். எது பழையதாகிவிட்டது என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

கூட்ட நாட்காட்டி

எந்த நாளில் எவ்வளவு கூட்டம் என்று 1 முதல் 10 வரை எண் போடும் தளங்கள் உண்டு. டூரிங் பிளான்ஸ் இதில் நீண்ட காலமாக இருக்கும் கட்டணத் தளம். அந்த எண் வாசலில் நுழைந்தவர்களின் எண்ணிக்கை இல்லை, முக்கிய ரைடுகளின் காத்திருப்பு நேரத்தை வைத்துப் போட்ட மதிப்பு. ஆட்கள் குறைவாக இருந்தும், பார்க் குறைந்த ஊழியர்களையும் ரைடு வண்டிகளையும் வைத்து ஓட்டினால் காத்திருப்பு கூடும். அன்று எண்ணும் கூடும்.

4-க்கும் 5-க்கும் இடையே விடுமுறைத் தேதியை மாற்றுவது வீண் அலைச்சல். 4-க்கும் 8-க்கும் என்றால் மாற்றலாம். ஒரே வாரத்துக்குள் எந்த நாளில் எந்தப் பார்க் என்று முடிவு செய்யத்தான் நாட்காட்டி உண்மையில் கைகொடுக்கும். மேஜிக் கிங்டமில் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் காலங்களில் தனி டிக்கெட்டோடு இரவு விருந்துகள் நடக்கும். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை 6 மணிக்கே வெளியேற வேண்டும் என்பதால் பலரும் அந்த நாளைத் தவிர்ப்பார்கள், பகலில் கூட்டம் குறையும். இரவு வாணவேடிக்கை வேண்டாம், ரைடுகள் போதும் என்பவருக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. வேடிக்கை பார்க்கத்தான் வருகிறோம் என்பவருக்கு அதே நாள் வீண்.

காத்திருப்பு நேரத் தளங்களும் திட்டம் போடும் கருவிகளும்

க்யூ டைம்ஸ் போன்ற இலவசத் தளங்கள் உலகெங்கும் உள்ள பார்க்குகளின் காத்திருப்பு நேரத்தை நாள்வாரியாகச் சேமித்து வைத்திருக்கின்றன. நீங்கள் போகும் அதே கிழமையை, முந்தைய மூன்று நான்கு வாரங்களுக்கு எடுத்து, உங்களுக்கு வேண்டிய எட்டு ரைடுகளுக்குக் காலை 9, பகல் 12, மாலை 3, இரவு 7 என்று நான்கு நேரத்தின் எண்களை ஒரு அட்டவணையில் எழுதுங்கள். அரை மணி வேலை. காலையில் 20, பகலில் 90 என்று எகிறும் ரைடுகளும், நாள் முழுக்க 25-லேயே கிடப்பவையும் தாமாகவே பிரிந்துவிடும். முதல் வகைக்குத் திறந்த முதல் மணி நேரமோ விரைவு வரிசையோ வேண்டும். இரண்டாம் வகைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம்.

இந்த எண்கள் பார்க் தன் பலகையில் போடும் எண்கள் என்பதை மறக்க வேண்டாம். உண்மையில் நின்ற நேரம் பல சமயம் அதைவிடக் குறைவு, முக்கியமாக மூடும் நேரத்தை நெருங்கும்போது. மூடுவதற்குக் கடைசி நிமிடம் வரிசைக்குள் நுழைந்துவிட்டவரையும் டிஸ்னியில் பொதுவாக ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்பதால், ஒரு பெரிய ரைடை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைப்பது நல்ல யுக்தி.

வேண்டிய ரைடுகளைக் கொடுத்தால் வரிசைப்படுத்தித் தரும் கருவிகளில் மக்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: பதினெட்டு ரைடுகளைப் போட்டு, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் கொடுப்பது. கருவி மறுக்காமல் ஒரு திட்டத்தைத் துப்பிவிடும், மனிதர்கள்தான் பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். நடை வேகத்தை "மெதுவாக" என்று வையுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், சின்னக் குழந்தை இருந்தால் பகலில் இரண்டு மூன்று மணி நேர ஓய்வு என்று முதலில் அடைத்துவிட்டு, மீதியில் ரைடுகளைப் போடுங்கள். கட்டாயம் வேண்டியவை ஐந்து, கிடைத்தால் சரி என்பவை ஐந்து. இதற்கு மேல் ஒரு நாளுக்கு எழுத வேண்டாம்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் திட்டம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். இவை பல ஆண்டு எழுத்துகளைக் கலந்து படித்தவை. அதனால் மூடிய ரைடையும் ஒழிந்த ஃபாஸ்ட் பாஸையும் உறுதியான குரலில் சொல்லிவிடும். நீங்கள் சரிபார்த்து வைத்த குறிப்புகளை ஒரு பக்க அட்டவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள், நன்றாகச் செய்யும். விதிகளை அதனிடம் கேட்காதீர்கள்.

அதிகாரபூர்வ ஆப்: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

பார்க்கின் சொந்த ஆப் இல்லாமல் இன்று முடியாது. டிஸ்னி வேர்ல்டுக்கு மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ். டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் வேறு வேறு ஆப்கள், ஒன்றின் விதி மற்றொன்றில் செல்லாது. டோக்கியோவின் கட்டண விரைவு அனுமதியைப் பார்க்குக்குள் நுழைந்த பிறகுதான் ஆப்பில் வாங்க முடியும். புளோரிடாவில் லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசையை டிஸ்னி ஹோட்டல் விருந்தினர் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும், அந்த ஊர் நேரம் காலை 7 மணி முதல் எடுக்கலாம். உணவக மேசைகளுக்கு 60 நாள் முன்பு. யுனிவர்சலில் போர்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் பழைய இரு பார்க்குகளுக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் என்ற விரைவு வரிசை அனுமதி அறையோடு சேர்ந்தே கிடைக்கும், எபிக் யுனிவர்ஸுக்கு அது செல்லாது. அறை வாடகையை ஒப்பிடும்போது நான்கு பேருக்கான பாஸ் விலையையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் நேர வித்தியாசத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகரும். புளோரிடாவின் காலை 7 மணி அந்த மாதங்களில் சர்வதேச நேரம் (UTC) பகல் 11 மணி, மற்ற மாதங்களில் பகல் 12 மணி. கைபேசி அலாரத்தை உங்கள் ஊர் நேரத்தில் வைக்கும்போது இதைச் சரிபாருங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆப்பை இறக்கி, கணக்கு திறந்து, எல்லோருடைய டிக்கெட்டையும் ஒரே கணக்கில் இணையுங்கள். ஒருவருடைய டிக்கெட் விடுபட்டால் விரைவு வரிசை மற்றவர்களுக்கு மட்டும் எடுக்கப்படும், வாசலில்தான் அது தெரியவரும். வங்கி அட்டையைச் சேர்த்து, ஏதாவது சிறிய தொகைக்குப் பயன்படுத்திப் பாருங்கள். பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் பழைய சிம்முக்குத்தான் வரும். அதில் ரோமிங் இல்லாவிட்டால் காலை 7 மணிக்கு எல்லாம் தயாராக இருந்தும் பணம் போகாது. பத்தாயிரம் மில்லி ஆம்பியர்-மணி (mAh) பவர் பேங்க் ஒன்று ஒரு கைபேசியை நாள் முழுக்கத் தாங்கும். நால்வருக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபட ஆப்களை மேஜிக் கிங்டம் விஷயத்தில் அப்படியே நம்ப வேண்டாம். காரில் போகிறவர்கள் வண்டியை நிறுத்துவது பார்க் வாசலில் இல்லை, டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டரில். அங்கிருந்து ஏரியைக் கடந்து மோனோரயிலிலோ படகிலோ போக வேண்டும். வாடகைக் காரும் அங்கேதான் இறக்கிவிடும். வரைபடம் காட்டும் நேரத்தோடு இன்னும் 30 முதல் 45 நிமிடம் சேருங்கள். எட்டரைக்கு வாசலில் நிற்க நினைத்தவர் ஒன்பதே காலுக்கு நிற்பது இந்த ஒரு தவறால்தான்.

வாங்கும் வரிசை

ஒரு பயணத்துக்கு ஒரு நல்ல புத்தகம், ஒரு கட்டணத் தளம், மீதி எல்லாம் இலவசம் என்ற அளவு போதும். புத்தகத்தை ஆறு மாதம் முன்பு வாங்கி, ஹோட்டலும் தேதியும் முடிவாகும் வரை படியுங்கள். அதற்குள் புதிய பதிப்பு வந்தால் மறுபடி வாங்க வேண்டியதில்லை, மாறிய விதிகளை அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்து ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். கட்டணத் தளத்தின் ஆண்டுச் சந்தாவை, பயணம் முடியும் நாள் அதற்குள் அடங்கும்படி எடுங்கள். வீடியோக்கள் ஒரு வேலைக்கு மிகச் சிறந்தவை: ரைடில் முன் இருக்கையிலிருந்து எடுத்த காட்சியைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்து, பயப்படுமா என்று தெரிந்துகொள்வது. இதைக் கிளம்பும் முன்பே செய்தால் வாசலில் அழுகை குறையும்.

கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் ஒரு நாளுக்கு ஒரு பக்கமாகக் காகிதத்தில் எழுதுங்கள்: திறக்கும் நேரம், அறையை விட்டுக் கிளம்பும் நேரம், கட்டாய ஐந்து, எடுத்த விரைவு வரிசை நேரங்கள், சாப்பாட்டு முன்பதிவு எண், மூடியிருக்கும் ரைடுகள். ஒரு நாள் முன்பு இரவு ஆப்பில் திறக்கும் நேரத்தை மறுபடி பாருங்கள். பார்க்குகள் அதைக் கடைசி வாரத்திலும் மாற்றும்.

அன்று ஏதாவது ரைடு பழுதாகி நின்றால் வாசலில் காத்திருக்க வேண்டாம். தாளில் அடுத்ததற்கு நகர்ந்துவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை ஆப்பைப் பாருங்கள். மறுபடி திறந்த முதல் சில நிமிடங்களில் வரிசை குறைவாக இருக்கும், பக்கத்துப் பகுதியில் இருப்பவர்களே முதலில் பிடிப்பார்கள். அதனால் நின்றுபோன ரைடு கட்டாய ஐந்தில் ஒன்று என்றால், சாப்பாட்டை முன்னால் இழுத்து, அந்தப் பகுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.